ஜே கே பி ஓ

எம்.ஏ. படிக்கையில், பார்வையற்ற என் அறைத்தோழனுக்கு நான்தான் நோட்ஸ் வாசிப்பேன். என் கொட்டாவி கேட்டோ என்னவோ, "இனி நீ வேணாம்டா, கம்ப்யூட்டரே படிக்கும்" என்று ஒருநாள் என்விடிஏவை நிறுவினான். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006இல் எழுதத் தொடங்கிய திரைவாசிப்பான் அது. அவரும் பார்வையற்றவர். அன்று ஜாஸ் போன்ற மென்பொருள்களின் விலை பல கணினிகளின் விலையையே மிஞ்சும். மாணவன் எங்கே போவான்? கரனும் நண்பர் ஜேம்ஸ் தேயும் இலவசமாகவே கொடுத்தார்கள்.

ஆங்கிலம் சரளமாக ஓடியது. துறை தந்த தமிழ் நோட்ஸோ பாமினி எழுத்துருவில். பார்க்கத்தான் தமிழ், உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்து. 'தமிழ்' என்ற சொல்லையே "ஜே கே பி ஓ" என்றது கருவி. யூனிகோடு 1991லேயே தமிழுக்கு இடம் கொடுத்தாயிற்று. துறைக்குத்தான் சேதி வரவில்லை.

ஹெட்போனைக் கழற்றினான்.

"வாசிடா" என்றான்.