சிவப்பு மூக்கு – 4: சயனைடுக்குப் பின்

போன வாரம் 1945 ஆகஸ்ட் 20-ல் கதையை நிறுத்தியிருந்தோம். இடம், மஞ்சூரியாவின் சாங்சுன் நகரம். ஜப்பான் சரணடைந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. ஊருக்குள் சோவியத் படை இறங்கிவிட்டது. மன்யே சினிமா ஸ்டுடியோவின் தலைவர் மசாஹிகோ அமகாசு பொட்டாசியம் சயனைடு விழுங்கிச் செத்துக் கிடந்தார்.

அமகாசுவுக்காக நாம் வருத்தப்பட வேண்டியதில்லை. 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு, ஓர் அராஜகவாதியையும் அவருடைய துணைவியையும் கூடவே ஆறு வயதுச் சிறுவன் ஒருவனையும் கொன்ற வழக்கில் சிறைக்குப் போன ராணுவப் போலீஸ் அதிகாரி அவர். நம் கவலையெல்லாம் அதே ஸ்டுடியோவில் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த 26 வயது இளைஞர் ஒருவரைப் பற்றியது. பெயர் தடாஹிதோ மொச்சினாகா. டோக்கியோவில் அமெரிக்க விமானங்கள் வீசிய குண்டில் வீடு எரிந்துபோக, மனைவி அயாகோவோடு சிறு வயதில் வளர்ந்த மஞ்சூரியாவுக்கே திரும்பியிருந்தார். அங்கே வந்து இரண்டு மாதம் ஆவதற்குள் அந்த நாடே கலைந்துவிட்டது.

இந்த வாரம்தான் தொடரைப் பிடிக்கிறவர்களுக்காக இரண்டு வரி. அமெரிக்காவில் 1964 முதல் ஒவ்வொரு டிசம்பரிலும் ஒளிபரப்பாகிவரும் டி.வி. படம் ‘ருடால்ஃப், சிவப்பு மூக்கு ரெயின்டீர்’. தாத்தா பார்த்ததை அப்பா பார்த்து, அப்பா பார்த்ததைப் பேரன் பார்க்கிறான். அமெரிக்கக் கிறிஸ்துமஸ் என்றாலே அவர்களுக்கு நினைவு வருகிற அந்தக் கம்பளி மானையும் பஞ்சுப் பனியையும் அசைத்த கைகள் அமெரிக்கக் கைகளே அல்ல. அந்தக் கைகளைத் தேடித்தான் மஞ்சூரியா வரை வந்திருக்கிறோம்.

மொச்சினாகாவின் முந்தைய வேலை என்ன என்பதையும் மறக்கக் கூடாது. 1943-ல் ஜப்பானியக் கடற்படைக்காக எடுத்த ‘மொமொத்தாரோவின் கடற்கழுகுகள்’ என்ற கார்ட்டூனில் அவர் ஒளிப்பதிவாளர். நாயும் குரங்கும் விமானம் ஏறிப் போய் அசுரத் தீவின் கப்பல்களைக் குண்டு போட்டு மூழ்கடிக்கும் கதை. அசுரத் தீவு என்பது பேர்ல் ஹார்பர். ஜப்பானியக் குழந்தைகள் கைதட்டிப் பார்த்தார்கள்.

*

மொச்சினாகா தப்பி ஓடவில்லை. ஸ்டுடியோவைக் கைப்பற்றிய சீனக் கம்யூனிஸ்டுகளுக்குக் கேமராவும் லென்சும் கிடைத்துவிட்டன. அவற்றை ஓட்டத் தெரிந்த ஆள்தான் வேண்டியிருந்தது. ஜப்பானியத் தொழில்நுட்பக்காரர்கள் பலரை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். புகழ்பெற்ற இயக்குநர் தோமு உச்சிதாவும் அப்படித் தங்கியவர்தான்.

1946-ல் உள்நாட்டுப் போர் சாங்சுன் வரை வந்தது. சியாங் கை-ஷேக்கின் படை நெருங்கியதும் ஸ்டுடியோவையே பெட்டியில் கட்டி வடக்கே நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே உருவானதுதான் வடகிழக்குத் திரைப்பட ஸ்டுடியோ. மொச்சினாகாவும் போனார். ஃபாங் மிங் என்று சீனப் பெயரும் வைத்துக்கொண்டார்.

அங்கேதான் நம் கதைக்கு வேண்டிய திருப்பம். அதுவரை காகிதத்திலும் செல்லுலாய்டிலும் வரைந்து படம் எடுத்தவர் முதல்முறையாகப் பொம்மையைக் கையில் எடுத்தார். ஸ்டுடியோவின் கலைப் பிரிவை நடத்தியவர் சென் போஅர், ஷாங்ஹாய் சினிமாவில் நடிகையாக இருந்து புரட்சிக்கு வந்தவர். அவர் இயக்கிய ‘பேரரசர் கனவு’ 1947-ல் வெளியானது. சீனாவின் முதல் பொம்மை அனிமேஷன் அதுதான். சியாங் கை-ஷேக் மேடையேறி அரசர் வேஷம் கட்டுவதாகவும் பின்னால் அமெரிக்கா நிற்பதாகவும் கிண்டல் செய்த படம். அந்தப் பொம்மைகளுக்கு உயிர் கொடுத்தவர் மொச்சினாகா.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1943-ல் ஜப்பானிய ராணுவத்துக்காக அமெரிக்காவை அசுரனாக்கிய படம். 1947-ல் சீனக் கம்யூனிஸ்டுகளுக்காக அமெரிக்காவைக் கிண்டல் செய்த படம். எஜமானர்கள் ஒருவருக்கொருவர் ஜென்ம எதிரிகள், வேலைக்காரர் ஒருவரே. அவரைச் சந்தர்ப்பவாதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொள்கையை அவர் தேர்ந்தெடுத்தமாதிரியே தெரியவில்லை. கேமரா எங்கே இருந்ததோ அங்கே போய் நின்றார், அவ்வளவுதான்.

1950-ல் அவருடைய குழு ஷாங்ஹாய்க்கு மாறியது. பின்னாளில் உலகமே வியந்த ஷாங்ஹாய் அனிமேஷன் ஸ்டுடியோவுக்கு வித்து அந்தக் குழு. மொச்சினாகா 1953-ல் ஜப்பான் திரும்பினார். எட்டு வருஷத்துக்குப் பிறகு ஊர் வந்தவருக்கு முதலில் கிடைத்தது பீர் விளம்பரம்!

*

அசாஹி பீருக்காகப் பொம்மைகளை வைத்து ஒரு விளம்பரப் படம். அதில் அவருக்குக் கீழே வேலை பார்த்துப் பழகிய கிஹாச்சிரோ கவமோத்தோ பிற்காலத்தில் ஜப்பானியப் பொம்மைப் படங்களின் தலைமகனாகக் கொண்டாடப்பட்டார். 1955-ல் மொச்சினாகா சொந்தமாகப் பொம்மைப் பட நிறுவனம் தொடங்கினார். அடுத்த வருஷம் எடுத்த ஒரு குறும்படம்தான் அவர் தலையெழுத்தை மாற்றியது.

அந்தப் படத்தின் மூலக்கதைக்கும் நம் ஊருக்கும் சம்பந்தம் உண்டு. ‘லிட்டில் பிளாக் சாம்போ’ என்ற சிறுவர் கதை. எழுதியவர் ஹெலன் பானர்மேன், சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்தவரின் மனைவி, ஸ்காட்லாந்துக்காரர். கொடைக்கானலில் பெண் குழந்தைகளை விட்டுவிட்டு ரயிலில் சென்னை திரும்பும்போது அவர்களுக்காக எழுதிய கதை என்று சொல்வார்கள். 1899-ல் லண்டனில் புத்தகமாக வந்தது. சிறுவனின் சட்டையையும் குடையையும் பிடுங்கிக்கொண்ட புலிகள், மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி நெய்யாக உருகிப்போகும் கதை. புலியும் நெய்யும் எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பெயரும் படங்களும் கறுப்பினத்தாரை இழிவுபடுத்துவதாகப் பின்னால் கடும் எதிர்ப்பு கிளம்பியது. அந்த எதிர்ப்பு நியாயமானதுதான்.

மொச்சினாகாவின் சாம்போ படம் 1958-ல் வான்கூவர் திரைப்பட விழாவுக்குப் போய்ப் பரிசு வாங்கியது. பசிபிக் கடலுக்கு அந்தப் பக்கம் அவர் பெயர் முதல்முறையாக எட்டியது. ஏறக்குறைய அதே சமயத்தில்தான் நியூயார்க்கிலிருந்து ஒருவர் டோக்கியோவில் வந்து இறங்கினார்.

ஆர்தர் ரான்கின் ஜூனியர். நடிகர் குடும்பத்துப் பிள்ளை. ஏ.பி.சி. தொலைக்காட்சியில் கலைப் பிரிவில் இருந்துவிட்டு, ஜூல்ஸ் பாஸ் என்ற விளம்பரக்காரரோடு சேர்ந்து வீடியோகிராஃப்ட் என்ற சின்ன நிறுவனம் நடத்தியவர். பிற்காலத்தில் அமெரிக்கக் குழந்தைகள் அறிந்த ‘ரான்கின் – பாஸ்’ இவர்கள்தான். மொச்சினாகாவின் பொம்மைகளைப் பார்த்தார், பிடித்துக்கொண்டார். பினோக்கியோ கதையை ஐந்தைந்து நிமிஷமாக 130 பகுதிகள் எடுக்க ஒப்பந்தமானது. பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி ஒவ்வொரு அசைவையும் தனிப் படமாகப் பிடிக்கும் ஸ்டாப் மோஷனுக்கு ‘அனிமேஜிக்’ என்று ரான்கின் புதுப் பெயர் சூட்டினார். விற்பதற்குப் பெயர் வேண்டுமே.

பினோக்கியோ ஓடிமுடிந்தது. அடுத்து என்ன? ரான்கின் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் குடியிருந்தார். அவர் வீட்டுப் பக்கத்தில் குடியிருந்தவர் யார் தெரியுமா? ருடால்ஃப் பாட்டை எழுதிய ஜானி மார்க்ஸ்!

*

அந்தப் பாட்டை டி.வி. படமாக்க மார்க்ஸ் எளிதில் சம்மதிக்கவில்லை. அவர் பயம் நியாயமானது. மைத்துனர் ராபர்ட் மே 1939-ல் சிகாகோவின் மான்ட்கோமரி வார்ட் கடைக்காக, மனைவி புற்றுநோயில் கிடந்த வருஷத்தில், எழுதிய இலவசக் கதைதான் ருடால்ஃப். மார்க்ஸ் அதைப் பாட்டாக்கி 1949-ல் ஜீன் ஆட்ரி பாடிய பிறகு, ஒவ்வொரு டிசம்பரும் அவருக்குப் பணமழை. டி.வி.யில் யாராவது கெடுத்துவைத்தால் பொன் முட்டையிடும் வாத்து என்னாகும்? ரான்கின் விடாமல் பேசிக் கரைத்தார். மார்க்ஸ் புதிய பாட்டுகளும் எழுதித் தந்தார். ஜெனரல் எலெக்ட்ரிக் விளம்பரதாரராக வந்தது.

இனி வேலை மூன்று நாட்டில். நியூயார்க்கில் ரோமியோ முல்லர் திரைக்கதை எழுதினார். நான்கு நிமிஷப் பாட்டுகூட இல்லாத ஒன்றை ஒரு மணி நேரத்துக்கு இழுக்க வேண்டும். அவர் புதிதாகப் படைத்தவர்கள்தான் படத்தின் உயிர் என்பது என் கட்சி. கிறிஸ்துமஸ் தாத்தாவின் பட்டறையில் பொம்மை செய்யப் பிடிக்காமல் பல் டாக்டராக ஆசைப்படும் ஹெர்மி. வெள்ளியும் தங்கமும் தேடித் திரியும் யூக்கான் கொர்னேலியஸ். பிறகு, யாருக்கும் வேண்டாத பொம்மைகள் ஒதுங்கி வாழும் ஒரு தீவு.

குரல்கள் கனடாவின் டொரான்டோவில் பதிவாயின. வானொலி நாடகத்தில் தேர்ந்த நடிகர்கள் அங்கே இருந்தார்கள், சம்பளமும் குறைவு. ருடால்ஃபுக்குக் குரல் கொடுத்தவர் பில்லி மே ரிச்சர்ட்ஸ் என்ற பெண்மணி. திரையில் பெயர் ‘பில்லி ரிச்சர்ட்ஸ்’ என்று ஆண் பெயர் போலவே வந்தது.

ஒலிநாடாவும் காட்சி வரைபடங்களும் டோக்கியோ போய்ச் சேர்ந்தன. மொச்சினாகாவின் குழுவுக்கு ரெயின்டீர் என்பது கேள்விப்பட்ட மிருகம் மட்டுமே. மான் எப்படிக் காதை ஆட்டுகிறது, எப்படிக் காலை எடுத்து வைக்கிறது என்று பார்க்க, கோயில் மான்கள் தெருவில் திரியும் நாரா நகரத்துக்குப் போனார்கள். படத்தை மறுபடி பார்க்க வாய்த்தால் ருடால்ஃபின் நடையைக் கவனியுங்கள். வட துருவத்து மானின் நடை அல்ல அது.

பொம்மை செய்தவர் இச்சிரோ கொமுரோ. மரம், கம்பி, துணி, கம்பளி. தாத்தாவின் தாடிக்கு யாக் எருமை முடி. ருடால்ஃபின் மூக்குக்குள் நிஜ பல்பு. மான் ஒரு சாண் உயரம்கூட இருக்காது. ஒரு நொடி அசைவுக்குத் திரையில் 24 படம் ஓட வேண்டும். ஒரு படம் எடு, காலை அரிசியளவு நகர்த்து, அடுத்த படம் எடு. இடையில் யாராவது மேஜையில் இடித்தால் போச்சு. படப்பிடிப்பு முடிந்து இரண்டு பொம்மைகள் நியூயார்க் போயின. அவை பிறகு எங்கே போய்ப் பதுங்கின, 2006-ல் எப்படி டி.வி.யில் தலைகாட்டின, 2020-ல் என்ன விலைக்கு ஏலம் போயின என்பதெல்லாம் தனி அத்தியாயத்துக்கு. இப்போதே சொன்னால் ருசி போய்விடும்.

படம் தயார். டைட்டிலில் இயக்குநராக வந்த பெயர் லாரி ரோமர். மொச்சினாகாவின் பெயர் ‘டாட்’ என்று சுருங்கி, கண்ணிமைக்கும் நேரம் வந்து போனது. பதிப்புரிமை வருஷத்தை ரோமன் எண்ணில் போட்டவர் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டார். 1964 என்று வர வேண்டிய இடத்தில் 1164 என்று வந்தது! சிலுவைப் போர் நூற்றாண்டில் எடுத்த கலர் படம். இத்தனை பேர் பார்த்தும் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

1964 டிசம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை மணி. என்.பி.சி.யில் படம் தொடங்கியது. பனிமனிதன் வேஷத்தில் பர்ல் ஐவ்ஸ் கதை சொல்கிறார். நடுநடுவே தாத்தாவின் பட்டறைக் குள்ளர்கள் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் வீட்டுச் சாமான்களை விற்கிறார்கள். இருபத்தொரு வருஷத்துக்கு முன் நாயையும் குரங்கையும் குண்டு போட அனுப்பிய அதே மனிதரின் மான் அமெரிக்க வீடுகளின் நடுக்கூடத்தில் துள்ளியது. படம் வெற்றி.

ஆனால் கொஞ்ச நாளில் கடிதங்கள் வர ஆரம்பித்தன. குழந்தைகளின் கோபக் கடிதங்கள். விஷயம் இதுதான்: வேண்டாத பொம்மைகளின் தீவில் சதுரச் சக்கர ரயில் இருக்கிறது, புள்ளிபோட்ட யானை இருக்கிறது, ஜெல்லி பீய்ச்சும் நீர்த்துப்பாக்கி இருக்கிறது. தாத்தாவிடம் சொல்லி எங்களுக்கு வீடு தேடித் தரச் சொல் என்று தீவின் ராஜாவான சிறகுள்ள சிங்கம் ருடால்ஃபிடம் கேட்கிறது. படம் முடிகிறது, தாத்தாவின் வண்டியும் புறப்படுகிறது. ஆனால் பொம்மைகளைக் கூட்டிப்போக யாரும் தீவுக்குப் போகவில்லை. பெரியவர்கள் யாருக்கும் இது உறைக்கவே இல்லை. குழந்தைகள் விடவில்லை.

மறு டிசம்பருக்குள் ஒரு புதுக் காட்சி சேர்த்தாக வேண்டும். ஆனால் ஒளிபரப்பு நேரம் ஒரு நொடிகூட நீளாது, விளம்பரத்தில் கை வைக்க முடியாது. அப்படியென்றால் படத்திலிருந்தே எதையாவது வெட்ட வேண்டும். வெட்டினார்கள். பொம்மைகள் பிழைத்தன. ஆனால் அந்த வெட்டு யூக்கான் கொர்னேலியஸின் மேல் விழுந்தது. படம் முழுக்கப் பிக்காசைத் தூக்கி வீசி எடுத்து அதன் முனையை நாக்கால் நக்கிப் பார்க்கிறாரே அந்த மனிதர், அப்படி எதைத்தான் தேடினார்?

(தொடரும்)