குன்னூர் எலிகளும் தீட்டிய அரிசியும்

1918-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு கூடம் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர். இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். அதற்கு முன் கில்கிட் மலைப்பகுதியில் தொண்டைக் கழலையைப் பற்றி ஆராய்ந்தவர். அந்த அறை 1928-ல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. நாட்டின் மொத்த நோய்ச்சுமையில் 56.4 விழுக்காட்டுக்குத் தவறான உணவே காரணம் என்று 2024-ல் வழிகாட்டி நூல் வெளியிட்டதும் இதே நிறுவனம்தான். எதைத் தின்றால் உடம்பு கெடும் என்று நூறாண்டுகளாக ஒரே குரல் சொல்லிக்கொண்டு வருகிறது. ஆனாலும் இரவு உணவுக் கடை வாசலில் கூட்டம் குறையவில்லை. இதற்கு நாக்கைக் குற்றம் சொல்வது வழக்கம். வாயைக் கட்டத் தெரியாதவர்கள் என்று இளைஞர்களைத் திட்டுவது அதைவிட வழக்கம். ஆனால் குன்னூரிலிருந்து தொடங்கும் வரலாற்றைப் பார்த்தால், குற்றவாளிக் கூண்டில் நாக்குக்கு முன்னால் ஏற வேண்டியவை வேறு சில உண்டு: ஆலை, விலை, அடுப்படியில் செலவாகும் நேரம்.

மெக்காரிசனின் பரிசோதனைகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை அப்படியே சமைத்து, தனித்தனிக் கூட்டமாக வைத்த எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், நெய், பருப்பு, காய்கறி என்று அமைந்த சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் நன்றாகக் கொழுத்து முதலிடத்தில் நின்றன. தீட்டிய அரிசியே பெரும்பங்காக இருந்த சென்னை மாகாண உணவைத் தின்றவை கடைசி இடத்தில் நின்றன. இந்த முடிவை நாம் அடிக்கடி நினைவுகூர்வதில்லை. அதற்குக் காரணமும் புரிகிறது. இரண்டாவது பரிசோதனை அதைவிடக் கூர்மையானது. ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் உணவு; இன்னொரு கூட்டத்துக்கு இங்கிலாந்தின் ஏழைகள் தின்ற உணவு: வெள்ளை ரொட்டி, மார்ஜரின், ஜாம், டப்பா இறைச்சி, வேகவைத்த முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும், சர்க்கரை அள்ளிப்போட்டுப் பால் சொட்டுவிட்ட தேநீர். இரண்டாம் கூட்டத்து எலிகள் வளர்ச்சி குன்றின, பராமரிப்பவர்களைக் கடித்தன. 60-ஆம் நாள் வாக்கில் தம்மில் நலிந்தவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின. தீட்டிய மாவு, மலிவான கொழுப்பு, சர்க்கரை, டப்பா இறைச்சி என்ற அந்தப் பட்டியலில் இன்றைய துரித உணவின் சரக்கு முக்கால்வாசி இருக்கிறது. அமெரிக்காவில் மெக்டொனால்ட் சகோதரர்கள் கடை போடுவதற்கு முன்பே நீலகிரியில் அதன் விளைவு எழுதி வைக்கப்பட்டுவிட்டது.

எலி மனிதன் அல்ல என்று ஒருவர் மறுக்கலாம். சரியான மறுப்புதான். 'போர்க்குல' மக்கள், 'சோம்பல்' மக்கள் என்று இந்தியர்களைப் பிரித்துப் பார்த்த காலனி அரசின் கண்ணோட்டத்துக்கு இந்தப் பரிசோதனை தோதாக இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சென்னை மாகாணத்துக் கூலிக்காரருக்குப் பாலும் நெய்யும் எட்டாத பொருள்கள். எலிகளுக்கு இடையே தெரிந்த வேறுபாடு குலத்தினுடையது அல்ல, வருமானத்தினுடையது. ஆனால் எலிகளைத் தள்ளி வைத்தாலும் மனிதர்களிடமிருந்தே சான்று இருக்கிறது, அதுவும் தமிழர்களிடமிருந்து. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் பெரிபெரி ஆட்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. கால் மரத்து, உடம்பு வீங்கி, இதயம் நின்று சாவார்கள். சீனத் தொழிலாளர்கள் ஏராளமாகச் செத்தார்கள். அதே நாட்டில் வேலை பார்த்த தமிழர்களை நோய் அநேகமாகத் தொடவில்லை. 1907-ல் பிராடன் என்ற மருத்துவர் இதை அரிசியோடு முடிச்சுப் போட்டார். சீனர்கள் தின்றது சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) வந்த தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் தின்றது புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் ஓரளவு தங்குகிறது. சென்னை மாகாணத்துக்குள்ளேயும் இதே கோடுதான். பெரிபெரி தலைகாட்டியது, ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட வடசர்க்கார் எனப்பட்ட தெலுங்குக் கடலோர மாவட்டங்களில். புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிது.

என் வாதத்தின் நடு ஆணி இதுதான். அந்தத் தமிழர்களுக்கு உயிர்ச்சத்து என்ற ஒன்று இருப்பது தெரியாது. அப்போது உலகத்தில் எவருக்குமே சரியாகத் தெரியாது. அவர்கள் நெல்லைப் புழுக்கியது உடம்பை நினைத்து அல்ல. புழுக்கிய நெல்லில் உமி எளிதில் பிரியும், அரிசி குத்தும்போது நொய்யாகாது, நாள்பட வைத்திருக்கலாம். வசதிக்காகச் செய்த வேலை உயிரைக் காத்தது. நல்ல உணவுப் பழக்கம் தலைமுறைகளைத் தாண்டி நிற்பது அறிவுரையால் அல்ல. அது வாழ்க்கையை எளிதாக்கும்போதுதான்.

இதையே மறுபக்கத்திலிருந்து காட்டுவது காந்தியின் கைக்குத்தல் அரிசி இயக்கம். 1934-ல் வார்தாவில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் உருவானது. அதைக் கட்டி எழுப்பியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. ஆலை அரிசி தவிட்டை உரித்துச் சத்தையும் கிராமத்தின் வேலையையும் ஒருசேரக் கொண்டுபோகிறது என்று சங்கம் சொன்னது. மெக்காரிசனுக்குப் பின் குன்னூருக்கு வந்த ஆய்க்ராய்டின் ஆய்வுகளும் அதற்குத் துணை நின்றன. அவர் 1937-ல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணைதான் பின்னால் வந்த அட்டவணைகளுக்கெல்லாம் அடிப்படை. கைக்குத்தலைக் காப்பதற்காக ஆலைகளுக்கு உரிமம் கோரும் நடுவண் சட்டமும் 1958-ல் வந்தது. விஞ்ஞானம், காந்தி, சட்டம் மூன்றும் ஒரே பக்கம். தோற்றது அந்தப் பக்கம்தான். 1997-ல் அந்தச் சட்டமும் ரத்தானது.

தோல்விக்கு மக்களின் அறியாமையைக் காரணம் காட்டுவது சோம்பேறித்தனம். கைக்குத்தல் அரிசியின் பின்னால் உரலும் உலக்கையும் இருந்தன. உலக்கையின் மறுமுனையில் ஒரு பெண் இருந்தாள். விடியுமுன் எழுந்து அன்றன்றைக்கு நெல் குத்தியவளுக்கு மில் வந்தது விடுதலை. அதைச் சத்துக் கணக்கு பார்த்து வேண்டாம் என்று சொல்லும் உரிமை, உலக்கை பிடிக்காத ஆண்களுக்கு இருந்ததா என்பது கேட்க வேண்டிய கேள்வி. மேலும், தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. தவிடு நீக்காத அரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், வண்டு பிடிக்கும். வியாபாரிக்குத் தீட்டிய அரிசிதான் லாபம். சமைப்பவருக்கு அது சீக்கிரம் வேகும். உண்பவருக்கு அது வெள்ளை, அதாவது மேல்வீட்டுச் சோறு. விரைவு, சேமிப்பு, கௌரவம் மூன்றும் கூடிய அந்த வெள்ளை அரிசியைத்தான் நம் நாட்டின் முதல் துரித உணவு என்பேன்.

அதன் பிறகு நடந்ததை விரித்துச் சொல்ல அவசியமில்லை. 1956-ல் அமெரிக்காவுடன் உணவு உதவிக்கான பி.எல். 480 ஒப்பந்தம் கையெழுத்தானது. பஞ்சத்தை ஒட்டிய 1966-ல் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய தானியம் ஏறத்தாழ 1 கோடி டன்; பெரும்பகுதி கோதுமை. அரிசி உண்ட ஊர்களுக்குக் கோதுமையும் மைதாவும் மலிவாக வந்து சேர்ந்தன. இலங்கையிலும் இதே போக்குதான்; அங்கே திருகோணமலை கோதுமை மாவாலை 1980-ல் ஓடத் தொடங்கியது. பரோட்டா எங்கே பிறந்தது என்ற சண்டை நமக்கு வேண்டாம். மைதா மலிவாகக் கிடைக்காமல் அது இத்தனை ஊர்களின் இரவுச் சாப்பாடாக ஆகியிருக்க முடியாது. இலங்கையின் கொத்து ரொட்டிக்கும் அதே கதைதான். 1983-ல் மேகி நூடுல்ஸும், 1996-ல் மெக்டொனால்ட்ஸும் இந்தியாவுக்குள் வந்தபோது அடுப்படி ஏற்கெனவே தயாராக இருந்தது.

இங்கே இரண்டு மறுப்புகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இனிப்பும் கொழுப்பும் மனிதனுக்குப் பிறவி ஆசைகள், வரலாற்றுக்கு அதில் என்ன வேலை என்பது ஒன்று. ஆசை பிறவியிலேயே இருப்பது உண்மை. ஆனால் இதே ஆசையோடுதான் நம் பாட்டன்மாரும் இருந்தார்கள். அவர்களுக்கு அதிரசம் தீபாவளிக்கு மட்டும் கிடைத்தது. நாக்கு அன்றும் இன்றும் ஒன்றே. அதற்கு எட்டும் தூரத்தில் எதை எந்த விலைக்கு வைக்கிறோம் என்பதுதான் மாறியது. இரண்டாவது மறுப்பு அதைவிடப் பிரபலம்: நம் முன்னோர் உணவெல்லாம் அமுதம், அதற்குத் திரும்பினால் போதும். குன்னூரில் கடைசி இடத்தில் நின்ற எலிகள் தின்றதும் முன்னோர் உணவுதான். ஏழையின் கஞ்சியில் பருப்பும் பாலும் இல்லாத நாள்களே அதிகம். புழுங்கல் அரிசி பெரிபெரியைத் தடுத்தது. நீரிழிவைத் தடுக்காது, தீட்டியபின் அதுவும் பெரும்பாலும் மாவுச்சத்தே. 2023-ல் வெளியான தேசிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அவர்களில் பலர் பர்கரைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்களாக இருக்கலாம். மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் இட்லியும் உண்டவர்கள். கேட்டைப் பர்கரில் மட்டும் தேடுவது நம் தட்டைப் பார்க்காமல் தப்பிக்கும் வழி.

வென்ற முறைகளும் இந்த வரலாற்றில் உண்டு. மெக்காரிசன் கில்கிட்டில் ஆராய்ந்த தொண்டைக் கழலையை இந்தியா விரட்டத் தொடங்கியது அயோடின் உள்ள கடற்பாசியைத் தின்னுங்கள் என்று உபதேசித்து அல்ல. 1962-ல் தொடங்கிய தேசியத் திட்டம் உப்பில் அயோடினைக் கலந்தது; சமையலில் ஒன்றும் மாறவில்லை. வனஸ்பதியிலும் பொரித்த தின்பண்டங்களிலும் இருக்கும் டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரி முதல் 2 விழுக்காடு உச்சவரம்பு வந்தது. அதைத் தின்பவர் அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டிருக்கவே வேண்டாம். இரண்டுமே புழுங்கல் அரிசியின் வழியில் வேலை செய்கின்றன. மனஉறுதியைக் கேட்கவில்லை, சரக்கை மாற்றின.

அரசு மக்கள் தட்டில் கை வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ரேஷன் கடையில் அரிசியை இலவசமாகக் கொடுக்கும் அரசு தட்டில் எப்போதோ கை வைத்துவிட்டது. எதை வைக்கிறது என்பதே மிச்சமிருக்கும் கேள்வி. 2023-ல் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் முன்னோட்டத் திட்டத்தைத் தமிழ்நாடு தொடங்கியது. குன்னூர் இருப்பதும் நீலகிரியில்தான். 2 கிலோ போதாது. கேழ்வரகை அரைத்த மாவாக, அரிசியைவிடச் சமைக்க எளிதாகக் கொடுக்கும்வரை அது மூட்டையிலேயே கிடக்கும். பள்ளிக் காலை உணவிலிருந்து அந்த வேலையைத் தொடங்கலாம்.