வில்லின் இரு கைகள்

விழுப்புரம் என்னும் பெயரில் வில் இல்லை. ஆங்கில எழுத்தில் 'வில்லுபுரம்' என ஒலிக்குமாறு எழுதப்பட்டிருப்பதைக் கண்டு, வில்லாளிகள் வாழ்ந்த ஊர் போலும் எனப் பொருள் காண முயல்வோர் உண்டு. தமிழில் அது விழுப்புரமே. ஆயினும், பெயரில் இல்லாத வில் அப்பகுதியின் வரலாற்றில் இருக்கிறது. அம்மாவட்டத்தின் மேல்மலையனூரை, அமாவாசைதோறும் அங்காளம்மன் கோயிலுக்குத் திரளும் கூட்டத்தால் நாடறியும். அவ்வூரில் நின்று இரு திசைகளை நோக்கினால், இரு வேறு காலத்து விற்கள் நம் கருத்தில் எழும். தென்கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் செஞ்சிக்கோட்டை. மேற்கே திருவண்ணாமலையைக் கடந்து சென்றால் செங்கம்.

முதலில் செங்கத்தைப் பார்ப்போம். அவ்வட்டாரத்துச் சிற்றூர்களில், பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கப் போரிட்டு மாண்ட வீரர்களுக்கு எடுத்த நடுகற்கள் நிறைய உள்ளன. பல்லவ மன்னர்களின் ஆட்சியாண்டைக் குறித்து, வட்டெழுத்தில் வீரனின் பெயரையும் அவன் மாண்ட காரணத்தையும் சுருங்கச் சொல்லும் கற்கள் அவை. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலை இரா. நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட பின்னரே அவற்றின் அருமை பலருக்கும் தெரிந்தது. ஒரு கையில் வில்லும் மறு கையில் குறுவாளுமாக வீரன் நிற்கும் கோலம் அவற்றில் மிகுதி. மன்னனின் பெயர் அங்கே உண்டு. வீரனின் பெயரும் உண்டு. அந்த வில்லைச் செய்தவனின் பெயர் மட்டும் இல்லை.

கல்லில் வில்லை வளைப்பது எளிது. சிற்பி ஒரு கோடு கிழித்தான்; வில் வளைந்துவிட்டது. மரத்தில் அதை வளைத்தவன் பட்ட பாடு வேறு. அந்தப் பாட்டைச் சற்று விரிவாகக் கூறவேண்டும்.

நடுப்பிடிக்கு மேலுள்ள பகுதியை மேற்கை என்றும், கீழுள்ளதைக் கீழ்க்கை என்றும் குறிப்போம். நாணை இழுக்கும்போது இவ்விரு கைகளும் ஒத்து வளையவேண்டும். ஒத்து மீளவும் வேண்டும். ஒன்று விறைத்தும் மற்றொன்று தளர்ந்தும் இருந்தால், தளர்ந்த கை தன் பங்குக்கு மேல் வளைகிறது. நாளடைவில் அது நாண் கழற்றிய பின்னும் நிமிராமல் கூனிப்போகும். அல்லது அகப்பக்கத்தில் மயிரிழை போன்ற நொறுங்கற் கோடுகள் தோன்றி, ஒருநாள் பிடித்தவன் கையிலேயே முறியும். முறியாத வரையிலும் அது எய்பவனுக்கு உதவாது. பிடி கையில் உதறும். அம்பு மேலும் கீழும் தலையசைத்துக்கொண்டு பறக்கும்.

மரமோ இயல்பிலேயே சமனற்றது. அடிமரம் பருத்துக் கனத்திருக்கும், நுனிமரம் மெலிந்திருக்கும். மூங்கிலாயின் கணுவுக்குக் கணு இடைவெளியும் சுவரின் தடிமனும் மாறும். ஆதலால் வில் செய்வோன் முதலில் நேரிழை ஓடும் மரத்தைத் தேர்கிறான். நாணுக்கு எதிர்ப்புறமான புறப்பக்கம் இழுபடுவது. எய்பவனை நோக்கிய அகப்பக்கம் நெருக்குண்பது. இழுபடும் புறத்தில் ஓர் இழை அறுந்தாலும் வில் அங்கே பிளக்கத் தொடங்கும். எனவே புறப்பக்கத்தில் வளர்வளையம் ஒன்றைப் பழுதுபடாமல் காத்து, அகப்பக்கத்தில் மட்டுமே சீவவேண்டும். ஆங்கிலேயரின் யூ மர வில்லில் வெண்மரம் புறத்திலும் வைரம் அகத்திலும் அமைந்திருப்பது இக்காரணம் பற்றியே. ஒன்று இழுவையைத் தாங்குவது, மற்றது நெருக்கத்தைத் தாங்குவது. 1545இல் மூழ்கி 1982இல் கடலிலிருந்து உயர்த்தப்பட்ட 'மேரி ரோஸ்' என்னும் போர்க்கப்பலில் இத்தகைய விற்கள் 170க்கு மேல் கிடைத்தன.

உருவம் வெட்டிய பின்னரே உண்மையான வேலை தொடங்குகிறது. முதலில் ஒரு முனையைத் தரையில் ஊன்றி நடுவை அழுத்தி, ஒவ்வொரு கையும் எப்படி வளைகிறது எனப் பார்க்கிறான். பின்னர் இரு முனைகளிலும் குதை வெட்டி, நீளமான தளர்நாண் பூட்டி, பிடியை ஒரு கட்டையின் மேல் பொருத்தி, நாணைச் சிறிது சிறிதாகக் கீழே இழுத்துப் பற்களில் மாட்டுகிறான். சில அடி விலகி நின்று நோக்குகிறான். வளைவில் எங்கே தட்டையாக இருக்கிறதோ அங்கே விறைப்பு மிகுதி. எங்கே முழங்கால்போல் மடிகிறதோ அங்கே மரம் மெலிவு. விறைத்த இடத்தில் அடையாளமிட்டுச் சில இழைகள் சீவுகிறான். மடிந்த இடத்தை அவன் தொடவே கூடாது. சீவியதும் 20, 30 முறை மெல்ல இழுத்து விட்டால்தான் அச்சீவலின் பயன் மரத்தில் தெரியவரும். அதற்குள் பொறுமையிழந்து மறுபடி சீவுபவன் வில்லை இழப்பான்.

தடிமன் பற்றிய ஒரு கணக்கு இங்கே குறிப்பிடத்தக்கது. அகலத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் விறைப்பும் பத்தில் ஒரு பங்குதான் குறையும். தடிமனைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலோ விறைப்பு ஏறத்தாழ 27 விழுக்காடு குறைந்துவிடும். கத்தி ஒருமுறை கூடுதலாக ஓடினால் போதும். நேற்று விறைத்திருந்த கை இன்று தளர்ந்த கையாகும்.

தளர்ந்த கைக்கு மரத்தைச் சேர்க்க வழியில்லை. வலிய கையிலிருந்து எடுத்துத்தான் சமன் காணமுடியும். மேற்கையில் கொஞ்சம், அதற்கு ஈடாகக் கீழ்க்கையில் கொஞ்சம், மீண்டும் மேற்கையில் என்று சீவிக்கொண்டே போனால், சமன் வருவதற்குள் வில்லின் வலிமை போய்விடும். 50 ராத்தல் இழுவையை எண்ணித் தொடங்கியவன் 35இல் வந்து நிற்பதுண்டு. பகைவன் மார்பை நோக்கிச் செல்லவேண்டிய அம்பு அவன் காலடியில் விழுந்தால், ஆநிரையும் போயிற்று, ஆளும் போனான். நடுகல் வீரனின் உயிர் அவன் தோள்வலியில் மட்டுமா இருந்தது?

இன்னொரு நுட்பமும் உண்டு. இரு கைகளையும் முற்றிலும் ஒன்றுபோல் ஆக்கினாலும் பிழையே. வில்லின் நடுவைக் கை பற்றிக்கொள்ள, அம்பு கைக்கு மேலே செல்கிறது. நாணை இழுக்கும் புள்ளி நடுவிற்குச் சற்று மேலே அமைவதால் இரு கைகளின்மேலும் விழும் சுமை வேறுபடும். ஆதலால் பலர் கீழ்க்கையைச் சிறிதளவு விறைப்பாக விடுவர். நாணேற்றியபின் நாணுக்கும் கையின் அடிக்கும் உள்ள இடைவெளியை அளந்தால், மேற்கையில் சில மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கும். சப்பானியர் இதை எல்லைக்கே கொண்டு சென்றனர். அவர்களது நெடுவில்லின் பிடி, கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்திலேயே உள்ளது. ஆகவே சமன் என்பது அளவின் ஒற்றுமை அன்று. இழுக்கும்போது இரு கைகளும் தத்தம் பங்கைச் சுமப்பதே.

தமிழில் 'சிலை' என்பது ஒருவகை மரத்திற்கும் பெயர், வில்லுக்கும் பெயர். மரமே ஆயுதத்தின் பெயராயிற்று. அரபு நாட்டிலும் இத்தகைய நெருக்கத்தைக் காண்கிறோம். ஹிஜாஸ் மக்களின் பழைய வில் கொம்பும் நரம்பும் கொண்டு புனைந்ததன்று. பெரும்பாலும் தனிமரத்தால் ஆனது. நப்உ, ஷிர்யான், ஷவ்ஹத் என்பன அதற்குரிய மரங்கள். இம்மூன்றும் ஒரே மரமே என்றும், மலையுச்சியில் வளர்ந்தால் நப்உ, சரிவில் வளர்ந்தால் ஷிர்யான், அடிவாரத்தில் வளர்ந்தால் ஷவ்ஹத் எனப்படும் என்றும் பண்டை அரபு மொழியறிஞர் கூறுவர். நிற்கும் இடத்தைக் கொண்டு மரத்தின் தரத்தைப் பிரித்தறிந்த மக்கள் அவர்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமிருந்த விற்களில் ஒன்று ஷவ்ஹத் மரத்தாலும் ஒன்று நப்உ மரத்தாலும் ஆனவை என்பது வரலாற்றாசிரியர் கூற்று. ஹிஜ்ரி 3இல் (கி.பி. 625) நிகழ்ந்த உஹதுப் போரில் குன்றின்மேல் நிறுத்தப்பட்ட 50 வில்லாளிகளை வாசகர்கள் நன்கறிவர். அதே போரில் அண்ணலார் எய்துகொண்டிருந்த வில்லின் முனை முறிந்தது. அதைக் கதாதா இப்னு நுஃமான் (ரலி) எடுத்து வைத்துக்கொண்டார் எனப் பழைய வரலாற்று நூல்கள் குறிக்கின்றன.

வில்லின் முனைக்கு அரபியில் 'ஸியா' என்று பெயர். பிடிக்கும் ஸியாவுக்கும் இடைப்பட்ட அளவு 'காப்' எனப்படும். அந்நஜ்ம் அத்தியாயத்தில் நெருக்கத்தைக் குறிக்க வரும் 'காப கவ்ஸைன்' என்னும் தொடரை இரு விற்களின் அளவு என்றே பெரும்பாலும் பொருள்கொள்கிறோம். அரபு அகராதியாளரோ, ஒவ்வொரு வில்லுக்கும் இரண்டு காப்கள் உண்டு என விளக்கி, ஒரே வில்லின் இரு காப்கள் எனவும் கொள்ளலாம் என்றனர். விற்கைகளின் அளவையே தூரத்தின் அலகாகக் கொண்டு பேசிய மக்களுக்கு, அக்கைகள் எவ்வளவு பழகிய பொருளாக இருந்திருக்கவேண்டும்! நம் பள்ளிவாசல் மிம்பரில் கதீபு பற்றி நிற்கும் அஸாவை நாம் வெள்ளிதோறும் காண்கிறோம். நபிகளார் கோலையோ வில்லையோ ஊன்றிக் குத்பா நிகழ்த்தியதாக அபூதாவூதில் உள்ளது.

அந்நாளில் செய்பவனுக்கும் மதிப்பிருந்தது. ஓர் அம்பின் பொருட்டு மூவர் சுவனம் புகுவர் என்னும் கருத்துடைய நபிமொழி ஒன்று உண்டு. நன்மையை நாடி அதைச் செய்தவர், எய்தவர், எடுத்துக் கொடுத்தவர் ஆகியோரே அம்மூவர். பிற்காலத்தில் இவ்விருப்பம் நூல்களாகவும் விளைந்தது. மம்லூக்கியர் ஆட்சியில், ஹிஜ்ரி 770 அளவில் (கி.பி. 1368), தைபுகா அல்-பக்லமீஷி என்பவர் வில்வித்தைக்கென ஒரு விரிவான நூல் செய்தார். லேதம், பேட்டர்சன் என்னும் இருவர் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து 1970இல் வெளியிட்டனர். விற்கையின் வளையும் பகுதிக்கு அரபியர் இட்ட பெயர் 'பைத்', அதாவது வீடு. நடுப்பகுதி 'கபித்', அதாவது ஈரல். உடலும் இல்லமுமாக வில்லைக் கண்டனர் போலும்.

இனித் தென்கிழக்கே திரும்பிச் செஞ்சியைக் காண்போம். 1690இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகார் கான் அக்கோட்டையை முற்றுகையிடத் தொடங்கினார். அது விழுந்தது 1698இல். அதன்பின் 'நுஸ்ரத்கட்' எனப் பெயரும் பெற்றது. மொகலாயக் குதிரைவீரரின் வில்லான 'கமான்' நடுகல் வில்லினின்று முற்றிலும் வேறானது. நடுவே மெல்லிய மரம். அகத்தில் எருமைக் கொம்பு. புறத்தில் விலங்கின் தசைநார். அனைத்தையும் பிணைப்பது காய்ச்சிய பசை. ஆற அமரச் செய்தால் ஓராண்டும் ஆகும். துப்பாக்கிக்காரன் இருமுறை சுடுவதற்குள் குதிரை வில்லாளி ஆறு அம்புகள் எய்துவிடுவான் என, அக்காலத்தில் இந்தியாவிலிருந்த பிரெஞ்சுப் பயணி பெர்னியர் எழுதியுள்ளார்.

இவ்வில்லின் கைகளைச் சமன்செய்யச் சீவுதல் மட்டும் போதாது. விலகிய கையை இளஞ்சூட்டில் காட்டி, பதமாக வளைத்து, ஆறும்வரை பிடித்திருக்கவேண்டும். ஆனால் பசைக்கு ஈரம் பகை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இத்தகைய வில்லைக் காப்பது எளிதன்று. ஈரத்துக்கு அஞ்சாத எஃகு விற்கள் இந்நாட்டில் செய்யப்பட்டதற்கு இதுவே ஒரு காரணம். அம்பை எறியும் வேகத்தில் அவை கொம்பு வில்லுக்கு நிகரல்ல. எனினும் ஆயுதச்சாலையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் கைகள் கோணுவதில்லை.

1714இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையோடு பொருது தேசிங்குராஜன் மாண்டதும், அவனுக்காகத் தன் திருமணத்தையும் விட்டு ஓடிவந்து உயிர்நீத்த நண்பன் மகபத் கானின் கதையும் தமிழ்நாட்டில் பாட்டாக வாழ்கின்றன. குதிரைகளின் பெயரைக்கூட மக்கள் மறக்கவில்லை: பாராசாரி, நீலவேணி. 2025இல் செஞ்சிக்கோட்டை மராட்டியர் கோட்டைகளுள் ஒன்றாக உலக மரபுச்சின்னப் பட்டியலிலும் ஏறிவிட்டது. கோட்டைக்கும் குதிரைக்கும் கிடைத்த இடம் கருவி செய்தவனுக்கு இங்கும் கிடைக்கவில்லை.

அவன் என்ன ஆனான்? தமிழகத்தில் தடம் மறைந்தாலும் வடக்கே ஒரு தடம் இருக்கிறது. வில் செய்வோரைப் பாரசீக மொழியில் 'கமான்கர்' என்பர். பல இடங்களில் முஸ்லிம் கைவினைக் குடியினர் அப்பெயர் பெற்றனர். துப்பாக்கி வந்து வில் ஓய்ந்தபோது, கட்ச் நாட்டுக் கமான்கர்கள் விற்களில் வண்ணம் தீட்டிய தூரிகையைச் சுவர்களுக்குக் கொண்டுசென்றனர். மாளிகைகளிலும் வணிகர் இல்லங்களிலும் அவர்கள் தீட்டிய சுவரோவியம் 'கமான்கரி' என்றே வழங்குகிறது. பஞ்சாபில் மரச்சாமான்களுக்கு வண்ணப்பூச்சு வேலை செய்தனர். உருது அகராதியைப் புரட்டினால் அச்சொல்லுக்கு வில் செய்வோன் என்பதை அடுத்து இன்னொரு பொருளும் உண்டு: முறிந்த எலும்பைப் பொருத்திக் கட்டுபவன். விறைப்பையும் தளர்ச்சியையும் விரலால் தடவி அறிந்தவனிடம், வில் போன பிறகு, ஊரார் தம் கைகால்களை நீட்டினர்.