தீவக ஆங்கில ஆசிரியரும் முதுகலைப் படிப்பும்

யாழ்ப்பாண நகருக்கு மிக அண்மையிலுள்ள தீவு மண்டைதீவு. பண்ணை வீதி வழியே நகருடன் தொடர்புற்றிருப்பதால் அங்கு கற்பிக்கும் ஆசிரியர் காலையில் பஸ்ஸில் சென்று பிற்பகலில் வீடு திரும்பிவிடலாம். வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை ஆகியனவும் தரைவழியால் இணைந்தவையே. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகியவற்றுக்கோ படகைத் தவிர வேறு வழியில்லை. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடற்பயணம். கடல் கொந்தளிக்கும் நாட்களில் அதுவும் நிச்சயமில்லை.

இத்தீவுகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஓர் ஆசிரியர் பட்டப்பின் படிப்பை மேற்கொள்ள விரும்பினால் எங்கு செல்வது, எதைக் கற்பது என்பது சிறிய வினாவாகத் தோன்றலாம். ஆனால் அவருக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அவரது வகுப்பிலுள்ள பிள்ளைகளுக்குக் கிடைக்கும் ஆங்கிலமும் அமையும்.

ஆங்கிலக் கல்வி யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவினர். அன்று தொட்டு, ஆங்கிலம் கற்றவர் உத்தியோகத்துக்காக ஊரை விட்டுச் செல்வதும் வழமையாயிற்று. 1945இல் இலவசக் கல்வி வந்தது. பாடசாலைகளைத் தொடர்ந்து 1960களில் பல்கலைக்கழகக் கலைப்பிரிவும் தாய்மொழிக்கு மாறியது. பயிற்றுமொழியாக இருந்த ஆங்கிலம் பாடங்களுள் ஒன்றாகச் சுருங்கியது. பின்னர் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1987இல் அதற்கு இணைப்பு மொழி என்னும் தகுதியை வழங்கியது. தகுதியை வழங்கிய சட்டம் ஆசிரியர்களை வழங்கவில்லை. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் பின்தங்கிய பிரதேசங்களின் ஆங்கிலப் பெறுபேறுகளை ஆண்டுதோறும் நொந்துகொள்கிறோம். கற்பிப்பவர் எத்தகைய பயிற்சி பெற்றவர் என்று கேட்பது குறைவு.

பட்டப்பின் படிப்பு என்று வரும்போது முதலில் தெளிவுபெற வேண்டிய விடயம் ஒன்றுண்டு. ஆங்கில இலக்கியத்தில் முதுகலைமாணி, மொழியியலில் முதுகலைமாணி, இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்பித்தலில் முதுகலைமாணி ஆகிய மூன்றும் ஒன்றல்ல. முதலாவது ஷேக்ஸ்பியரையும் நாவலையும் திறனாய்வுக் கோட்பாடுகளையும் சார்ந்தது. இரண்டாவது ஒலி, சொல், வாக்கியம் ஆகியவற்றின் அமைப்பை ஆராய்வது. மூன்றாவதே வகுப்பறையை மையமாகக் கொண்டது: பாடத்திட்டம் வகுத்தல், மதிப்பீடு, மாணவர் விடும் பிழைகளின் தன்மை, தாய்மொழியின் செல்வாக்கு ஆகியன அதிற் கற்பிக்கப்படும். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர் இலக்கிய முதுமாணியைப் பெறுவதில் தவறேதுமில்லை. மொழியில் ஆழ்ந்த பற்று அவரது வகுப்பிலும் வெளிப்படவே செய்யும். எனினும் சம்பளப்படிக்காகவும் பதவியுயர்வுக்காகவும் கையிற் கிடைத்த நெறியில் சேர்ந்துவிட்டு, பின்னர் அது வகுப்புக்கு உதவவில்லையே என்று வருந்துவோர் பலர்.

இலங்கைத் தகைமைச் சட்டகத்தையும் கவனிக்க வேண்டும். அதன்படி பாடநெறிகளை மாத்திரம் கொண்ட முதுமாணி 9ஆம் மட்டத்திலும், ஆய்வையும் உள்ளடக்கிய முதுமாணி 10ஆம் மட்டத்திலும் அமைகின்றன. முன்னையது 30 திறமைப் புள்ளிகளையும் பின்னையது 60 திறமைப் புள்ளிகளையும் கொண்டது. விண்ணப்பிக்குமுன் எந்த மட்டம் என்று கேட்டறிவது அவசியம். கேம்பிரிட்ஜின் ‘செல்டா’ போன்ற 120 மணிநேரச் சான்றிதழ்கள் நல்ல பயிற்சியே ஆயினும், அவற்றைப் பட்டப்பின் தகைமையாகக் கருதுவது பிழை.

தூரத்திலிருப்போருக்கு இயல்பாக நினைவுக்கு வருவது 1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். அதனுடன் இணைந்த ஆங்கிலப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்பித்தலில் முதுமாணி நெறியை நடத்தி வந்துள்ளது. பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய நிலையமும் உண்டு. ஆயினும் தொலைக்கல்வி என்பது முற்றிலும் வீட்டிலிருந்து கற்பதன்று. நேரடி வகுப்புகளுக்கும் பரீட்சைக்கும் பயணம் செய்தாக வேண்டும். மண்டைதீவு ஆசிரியருக்கு அது ஒரு பகற்பொழுது. நெடுந்தீவு ஆசிரியருக்கோ ஒரு நாள் வகுப்புக்காக நகரில் இரவு தங்க வேண்டியும் நேரலாம். இந்தியாவில் 1958இல் ஹைதராபாத்தில் தொடங்கப்பட்ட மத்திய ஆங்கில நிறுவனம் (2007 முதல் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம்) பணியிலுள்ள ஆசிரியர்களுக்கென்றே தொலைக்கல்வி நெறிகளை வகுத்தமை இங்கு கவனத்துக்குரியது.

எனினும் இப்படிப்பின் மிகச் சிறந்த முன்னுதாரணம் நம்மிடையேயே உண்டு. சுரேஷ் கனகராஜா 1984 முதல் 1994 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். போர்க்காலத்தில், கடதாசிக்கும் மின்சாரத்துக்கும் தட்டுப்பாடு நிலவிய ஊரில், முதலாமாண்டு மாணவரின் ஆங்கில வகுப்பையே அவர் ஆய்வுக்களமாக்கினார். பாடநூல் அமெரிக்காவில் ஆக்கப்பட்டது. அதில் வரும் நகரங்களும் விமான நிலையங்களும் அம்மாணவரின் வாழ்க்கைக்கு அந்நியமானவை. மாணவர் நூலின் ஓரங்களில் தமிழ்ச் சினிமாவையும் போராட்டத்தையும் வரைந்தும் எழுதியும் வைத்திருந்தனர். வகுப்புக்கு வருவதும் குறைந்தது. அதே மாணவர், பரீட்சைக்குரிய இலக்கணத்தைத் தெளிவாகத் தாருங்கள் என்று கேட்கவும் செய்தனர். ஆங்கிலத்தை அவர்கள் வெறுத்தார்களா, விரும்பினார்களா என்ற வினாவுக்கு ஒற்றைச் சொல்லில் விடையில்லை என்பதே அவ்வாய்வின் பெறுமதி. 1993இல் அது அமெரிக்க ஆய்விதழொன்றில் வெளிவந்தது. அதன் நீட்சியாக 1999இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட நூல் இன்று உலகெங்கும் ஆங்கிலம் கற்பிப்போர் வாசிக்கும் நூல்களுள் ஒன்று.

கனகராஜா பின்னர் அமெரிக்காவிலேயே பேராசிரியரானார். அவரைக் குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அன்றைய சூழ்நிலை யாவரும் அறிந்ததே. ஆனால் வசதியற்ற வகுப்பறையைக் குறைபாடாக மாத்திரம் நோக்காது ஆய்வுப்பொருளாகவும் நோக்கிய அந்தப் பார்வையை நமது முதுமாணி மாணவரிடம் அரிதாகவே காண்கிறோம். இங்கிலாந்தில் எவரோ வகுத்த வினாக்கொத்தைத் தமிழ்ப் பிள்ளைகளிடம் கொடுத்து வீதங்களைக் கணக்கிடுவதே பெரும்பாலும் ஆய்வு என்றாகிவிட்டது.

தீவகத்தில் ஆராய வேண்டியவை எத்தனையோ. 1990 ஆகஸ்டில் இராணுவ நடவடிக்கையால் இடம்பெயர்ந்து மீண்டு வந்த குடும்பங்கள், கனடாவிலும் பிரான்சிலும் உள்ள உறவினருடன் தொலைபேசியில் உரையாடும் பிள்ளைகள், பல ஆண்டு மாணவரை ஒன்றாக இருத்திக் கற்பிக்கும் சிறு பாடசாலைகள். மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு 2025 செப்டெம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அது முழுமைபெறும்போது அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு எத்தகைய ஆங்கிலம் தேவைப்படும் என்பதும் ஒரு வினா. வீட்டில் தமிழ், மதரசாவில் அரபு, கடைத்தெருவில் சிங்களம் என வளரும் முஸ்லிம் பிள்ளைக்கு ஆங்கிலம் எத்தனையாவது மொழி? 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு புத்தளத்தில் வளர்ந்த தலைமுறையின் மொழி அனுபவம் தனியொரு ஆய்வுக்குரியது. ஆங்கிலத்துக்குச் சிங்களப் பேச்சுவழக்கில் ‘கடுவ’, அதாவது வாள், என்ற பெயருண்டு. பேராதனையின் திரு கந்தையா அச்சொல்லையே தலைப்பாக்கி எழுதிய கட்டுரை, சாதாரண மக்களின் ஒற்றைச் சொல்லிலிருந்தும் சிறந்த ஆய்வு பிறக்கும் என்பதற்குச் சான்று.

இன்னொன்றையும் மறைப்பதற்கில்லை. முதுமாணிப் பட்டம் பெற்றவுடன் இடமாற்றத்துக்கு விண்ணப்பிப்பதே தீவகத்தில் பெருவழக்கு. கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்தவரை இருத்தி வைக்க எவருக்கும் உரிமையில்லை, அவருக்கும் குடும்பமுண்டு. ஆனால் கற்கும் காலத்தில் அவர் கற்பிக்கும் பாடசாலையையே ஆய்வுக்களமாக ஏற்றுக்கொண்டால், அவர் சென்ற பின்னரும் ஏதோவொன்று எஞ்சும். நேரடி வகுப்பு நாட்களைப் படகுச் சேவை நேரத்துடன் பொருந்த வகுப்பதும், அந்நாட்களுக்குக் கடமை விடுமுறை வழங்குவதும் பெருஞ்செலவுக்குரிய காரியங்களல்ல. ஆய்வேடு நிறைவுற்றதும் பல்கலைக்கழக நூலகத்துக்குச் செல்லும் பிரதியுடன் தீவகக் கல்வி வலயப் பணிமனைக்கும் ஒரு பிரதி வந்து சேர வேண்டும். அடுத்து நியமனம் பெற்று வரும் இளம் ஆசிரியர் முதலில் வாசிக்க வேண்டியது அதையே.