கப்பற்புழு காட்டிய வழி

மண்ணைத் தோண்டுவது அரிதன்று. தோண்டிய இடம் சரியாமல் தாங்குவதே அரிது. கிணறு வெட்டுவோரைக் கண்ட நாம் இதனை அறிவோம். ஆற்றின் அடியில் வழி காண விழைந்த மனிதனுக்கு, இவ்விரண்டையும் ஒருங்கே செய்யக் காட்டியது ஒரு சிற்றுயிர் என்பர்.

கப்பற்புழு எனப்படினும் அது புழுவன்று, சிப்பி இனத்தது. தலைப்புறத்து ஓட்டினால் கப்பல் மரத்தை அராவிக்கொண்டு முன்னேறும். கடந்த வழியின் உட்புறத்தைச் சுண்ணத்தால் பூசிவிடும். பொறியியலாளர் மார்க் புரூனெல் 1818-இல் காப்புரிமை பெற்ற சுரங்கக் கேடயம் இம்முறையைப் பின்பற்றியதே.

1825-இல் லண்டனில் தேம்ஸ் நதியின் அடியில் வேலை தொடங்கிற்று. இரும்புக் கேடயத்தின் 36 அறைகளில் தொழிலாளர் நின்று, எதிரேயுள்ள பலகைகளை ஒவ்வொன்றாக அகற்றிச் சில அங்குல மண்ணை வெட்டினர். பின்னாலேயே கொத்தர்கள் செங்கற்சுவர் எழுப்பினர். ஆயினும் 1828 ஜனவரியில் வெள்ளம் உட்புகுந்து அறுவர் மாண்டனர். சுமார் 400 மீட்டர் நீளமுள்ள அவ்வழி 1843-இல்தான் திறக்கப்பட்டது.

2017-இல் கொல்கத்தாவில் ஹூக்ளி நதியின் அடியில் ஏறத்தாழ 520 மீட்டர் தொலைவு துளைக்கப்பட்டது. அங்கும் முறை அதுவே: முன்னே சுழலும் தட்டு மண்ணை அறுக்கும், பின்னே கான்கிரீட் வளையங்கள் தாங்கும். மண்ணின் எதிரே மனிதன் நின்ற இடத்தில் இயந்திரம் நிற்கிறது.

2024 மார்ச்சு முதல் அவ்வழியே மெட்ரோ ரயில் ஓடுகிறது. சென்னை மெயிலில் ஹௌரா வந்திறங்கும் நம்மவர், ஒரு நிமிடத்துக்குள் ஆற்றைக் கடந்துவிடுகின்றனர். அந்த ஒரு நிமிடத்தின் பின்னே 18 ஆண்டு உழைப்பும் அறுவர் உயிரும் இருப்பதை நாம் மறவாதிருப்போம்.