புரோட்டான் அழியுமா? கோலார்ச் சுரங்கமும் தரிசனங்களின் வழக்கும்

நவீன இயற்பியல் வேதாந்தத்தை மெய்ப்பித்துவிட்டது என்ற கருத்து நம் ஆன்மிக மேடைகளில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக ஒலித்து வருகிறது. 1975இல் வெளிவந்த ஃப்ரிட்ஜாஃப் காப்ராவின் ‘தி தாவோ ஆஃப் ஃபிசிக்ஸ்’ அதற்கு உலகெங்கும் வாசகர்களைத் தேடித் தந்தது. 2004இல் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்துக்கு இந்திய அரசு வழங்கிய இரண்டு மீட்டர் உயர நடராசர் திருவுருவம் அந்தக் கருத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அத்திருவுருவம் அங்கே நிற்பதில் எனக்கு நிறைந்த மகிழ்ச்சி உண்டு. ஆனால் ‘மெய்ப்பித்துவிட்டது’ என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. இயற்பியலின் முறை அதற்கு இடம் தராது என்பது பலரும் சொன்னது. நம் சாத்திர ஆசிரியர்கள் வகுத்த அளவை நெறியும் அதற்கு இடம் தராது என்பது போதிய அளவு பேசப்படவில்லை. சாத்திரத்துக்குப் பெருமை சேர்ப்பதாக எண்ணிச் சொல்லப்படும் அந்த வாக்கியம் சாத்திரத்தை அதன் இடத்திலிருந்து கீழே இறக்குகிறது என்பதே என் வாதம்.

இதை ஆராயப் பெங்களூரின் தொம்மலூரில் வாழும் நாம் ஜெனீவா வரை போக வேண்டியதில்லை. இங்குள்ள சொக்கநாத சுவாமி கோயிலில் ஹொய்சளர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றின் காலமாகிய பதின்மூன்றாம் நூற்றாண்டில்தான் தமிழ்நாட்டில் மெய்கண்டாரின் சிவஞானபோதம் தோன்றியது. நமக்கு வடக்கே ஓடும் பழைய மதராஸ் சாலை ஒசக்கோட்டை வழியாகக் கோலாரை நோக்கிச் செல்கிறது. பெங்களூரிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டரில் கோலார் தங்கவயல். 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் தோண்டிய அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் ஆர்க்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். பொன்னைத் தேடி அவர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே பாறையைக் குடைந்தார்கள். அவர்கள் உயிரைப் பணயம் வைத்துத் திறந்த அந்த ஆழம்தான் இந்திய இயற்பியலுக்கு மிக அரிய ஆய்வுக்கூடமாக அமைந்தது. இந்தக் கடனை அறிவியல் வரலாறு எழுதுவோர் இன்னும் உரத்துச் சொல்ல வேண்டும்.

விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது மியூவான் என்ற துகள்கள் பிறக்கின்றன. அவை பாறையையும் துளைத்துச் செல்லும். எவ்வளவு ஆழம் வரை செல்லும் என்பதை அளக்க 1951இல் ஹோமி பாபாவின் தூண்டுதலால் பி.வி. ஸ்ரீகண்டன் கோலார்ச் சுரங்கத்தில் இறங்கினார். பின்னர் வந்த குழுவினர் மேலும் ஆழமான மட்டங்களில் கருவிகளை வைத்தபோது, மிக ஆழத்தில் வாரக்கணக்கில் காத்திருந்தும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. அந்த வெறுமையின் மதிப்பை அவர்கள் உடனே உணர்ந்தார்கள். மேலிருந்து எதுவும் வர முடியாத இடத்தில், பக்கவாட்டிலிருந்து ஒரு மியூவான் வந்தால், அது எங்கிருந்து வந்திருக்கும்? பூமியையே ஊடுருவிச் செல்லும் நியூட்ரினோ ஒன்று அருகிலுள்ள பாறையில் மோதி அதைப் பிறப்பித்திருக்க வேண்டும், வேறு வழியில்லை. 1965இல் டாடா ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் அத்தகைய தடங்களைக் கண்டன. ஏறத்தாழ அதே நேரத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ஃபிரெடரிக் ரெய்ன்ஸ் குழுவும் கண்டது. காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை மனிதர் முதன்முதலாக அறிந்தது இப்படித்தான். அதை எவரும் கண்ணால் பார்க்கவில்லை. காரியத்தைக் கண்டு காரணத்தைத் துணிந்தார்கள். நியாய நூலார் அனுமானப் பிரமாணம் என்று சொல்வதன் தூய வடிவம் அது.

என் வாதத்துக்கு இன்னும் நெருக்கமானது அதற்குப் பின் நடந்தது. 1974இல் ஜார்ஜியும் கிளாஷோவும் முன்வைத்த ஒருங்கிணைப்புக் கோட்பாடு, அணுக்கருவிலுள்ள புரோட்டான் என்றென்றும் நிலைத்திருக்காது, ஒருநாள் சிதையும் என்றது. அப்துஸ் சலாமுடன் சேர்ந்து நம் ஒடிசாவைச் சேர்ந்த ஜோகேஷ் பதியும் இதே கருத்தை அதே காலத்தில் வேறொரு வழியில் எட்டியிருந்தார். ஆயுள் சராசரியாக ஒன்றுக்குப் பின் முப்பது சுழியம் போட்ட ஆண்டுகளை ஒட்டியிருக்கும் என்று கணித்தார்கள். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான். அவ்வளவு காலம் ஒரு புரோட்டானைக் காவல் காக்க முடியாது. ஆனால் ஏராளமான புரோட்டான்களை ஓராண்டு காவல் காக்கலாம். கோலாரில் 1980இல் தொடங்கிய சோதனையில் 140 டன் இரும்புக் கருவி 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் நிறுத்தப்பட்டது. அதில் அடங்கிய அணுக்கருத் துகள்களின் எண்ணிக்கை எட்டுக்குப் பின் முப்பத்தொரு சுழியம் என்ற அளவு. கணிப்பு சரியென்றால் ஆண்டுக்குச் சில சிதைவுகளாவது தெரிய வேண்டும். சில நிகழ்வுகள் சிதைவாக இருக்கக்கூடும் என்று குழுவினர் அறிவித்தார்கள். உலகம் கோலாரைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நிறுவப்பட்ட மிகப் பெரிய நீர்த்தொட்டிக் கருவிகள் அதை உறுதிப்படுத்தவில்லை. எளிய வடிவிலான அந்தக் கோட்பாடு கைவிடப்பட்டது. இன்று 50,000 டன் நீர் கொண்ட சூப்பர் கமியோகாண்டே, முதன்மையான சிதைவு வழியில் புரோட்டானின் ஆயுள் ஒன்றுக்குப் பின் முப்பத்து நான்கு சுழியம் போட்ட ஆண்டுகளுக்கும் மேல் என்று காட்டியிருக்கிறது. கோலார்ச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டன.

பொருளின் அடிப்படைக் கூறு அழியுமா, அழியாதா என்ற கேள்வி நம் தரிசனங்களுக்குள் நெடுங்காலம் நடந்த வழக்கு. மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையில் ஆசீவகர் தம் அணுக்கொள்கையை எடுத்துரைக்கிறார். நிலம், நீர், தீ, காற்று, உயிர் என ஐவகை அணுக்கள். அவை புதிதாகத் தோன்றுவதில்லை, பிளவுபடுவதில்லை, சேர்ந்தும் பிரிந்தும் உலகமாகின்றன என்கிறார். தனி அணு ஏன் தெரிவதில்லை என்பதற்கு, அந்தி மங்கலில் ஒற்றை மயிர் தெரியாமல் மயிர்க்கற்றை தெரிவதைச் சான்று காட்டுவது அந்நூலின் நுட்பம். கணாதரின் வைசேடிகமும் பரமாணு நித்தியம் என்கிறது. சங்கரர் பிரம்மசூத்திர பாஷ்யத்தில் இதை முழு மூச்சாக மறுக்கிறார். மேலுகோட்டையில் பல்லாண்டு தங்கிய இராமானுசர் பரமாணுவை ஏற்கவில்லை. ஆனால் உலகம் மெய், அது இறைவனின் உடல் என்று நிறுவுகிறார். மெய்கண்டாரின் வழியினரான சைவ சித்தாந்திகள் மாயையை உலகின் முதற்காரணமாகிய உள்பொருள் என்கிறார்கள். அது சடம், அநாதி. உள்ளது அழியாது, வடிவு மாறும் என்பது அவர்களின் சற்காரியவாதம். ‘மாயை’ என்றாலே பொய்த்தோற்றம் என்று கொள்ளும் மேடைப் பேச்சாளர் தமிழ்ச் சைவத்தின் ஆயிரமாண்டுச் சிந்தனையை ஒரே மூச்சில் தள்ளிவிடுகிறார். இது எனக்கு வருத்தம் தருவது.

இப்போது இயற்பியலின் முடிவுகளை இந்த வழக்குமன்றத்தில் வைத்துப் பாருங்கள். நியூட்ரினோ பயணத்தின் நடுவே ஒரு வகையிலிருந்து இன்னொரு வகையாக மாறுவதாக 1998இல் ஜப்பானில் கண்டார்கள். மாறுவது மெய்யன்று, மூன்று காலத்திலும் மறுக்கப்படாததே மெய் என்று கொள்ளும் அத்வைதி, தம் தரப்புக்குச் சான்று கிடைத்தது என்பார். சித்தாந்தியோ, பொருள் அழியவில்லை, வடிவுதானே மாறியது என்று அதே சான்றைத் தமக்கு எடுத்துக்கொள்வார். இராமானுசரின் வழிவந்தவர், மாற்றம் உண்மையாகவே நிகழ்ந்தது, ஆகவே உலகம் உண்மை என்பார். மூவரும் நேர்மையாகவே பேசுகிறார்கள். எதிரெதிரான மூன்று தரப்புகளுக்கும் ஒரே சான்று சமமாகப் பொருந்துகிறதென்றால், அந்தச் சான்று மூன்றில் எதையும் நிறுவவில்லை. இயற்பியலாளர் ஒன்றை உள்ளது என்னும்போது, அது நம் விருப்பத்துக்கு வளையாமல் கருவியில் ஒரே விளைவைத் தருகிறது என்றே பொருள். அத்வைதி உள்ளது என்னும்போது, அது ஒருபோதும் பாதிக்கப்படாதது என்று பொருள். அளக்கக்கூடிய எதுவும் அந்த இரண்டாம் அளவுகோலில் தேற முடியாது. ஆகவே எந்த அளவீடும் அதை உறுதிப்படுத்தவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

இதைவிடக் கடுமையான தடை சாத்திரத்துக்கு உள்ளேயே இருக்கிறது. நெருப்பு குளிர்ச்சியானது என்று நூறு சுருதி வாக்கியங்கள் சொன்னாலும் அவை பிரமாணமாக மாட்டா என்ற கருத்தைச் சங்கரர் தம் கீதை பாஷ்யத்தின் பதினெட்டாம் அத்தியாயத்தில் எழுதுகிறார். காட்சிக்கும் அனுமானத்துக்கும் எட்டும் செய்திகளில் சுருதிக்கு அதிகாரம் இல்லை. அவற்றுக்கு எட்டாததை அறிவிப்பதால்தான் அது பிரமாணம். மீமாம்சகர் இதை இன்னும் இறுக்கமாக வகுத்தார்கள். வேறு வழியில் அறிந்ததைத் திரும்பச் சொல்லும் வாக்கியம் அனுவாதம். அதற்குத் தனி அதிகாரம் கிடையாது. எனவே உபநிடதத்தின் உட்பொருளைத் துகள் இயற்பியல் நிறுவிவிட்டது என்று ஒருவர் சொன்னால், உபநிடதம் அந்த அளவில் அனுவாதமாகச் சுருங்குகிறது. முனிவர்கள் அதை முன்பே சொன்னார்களே என்ற மறுமொழி உதவாது. யார் முந்தினார் என்பதல்ல, வேறு வழியில் அறிய முடியுமா என்பதே நம் ஆசிரியர்கள் கேட்ட கேள்வி. நடைமுறை ஆபத்தும் உண்டு. 1982இல் ஒருவர் கோலார் நிகழ்வுகளைக் காட்டி, ஜடப்பொருள் அழியும் என்ற வேதாந்தம் மெய்யானது என்று முழங்கியிருந்தால், சில ஆண்டுகளில் வேதாந்தம் பொய்யானது என்றும் அவரே அறிவிக்க நேர்ந்திருக்கும். திருத்திக்கொள்வது இயற்பியலுக்கு அழகு. ஆண்டுதோறும் திருத்தப்படும் முடிவின் தலையில் சுருதியை ஏற்றிவைப்பது சுருதிக்குச் செய்யும் நன்மையாகாது.

எர்வின் ஷ்ரோடிங்கர் உபநிடதங்களில் தோய்ந்தவராயிற்றே என்று கேட்பார்கள். உண்மைதான், அவர் தம் தத்துவ நோக்கை எழுதியபோது வேதாந்தத்துக்குத் தலைவணங்கினார். ஆனால் 1926இல் அவர் எழுதிய அலைச் சமன்பாடு டி பிராய் முன்வைத்த பொருளலைக் கருத்திலிருந்து கிளைத்தது. அது நிலைபெற்றது ஹைட்ரஜன் நிறமாலையைச் சரியாகக் கணக்கிட்டதால். குவாண்டம் இயற்பியலில் காண்பானின்றிக் காட்சி இல்லை என்ற வாதம் இதைவிட வலுவானது. அதை எளிதில் ஒதுக்கக் கூடாது. ஜான் பெல் 1964இல் வகுத்த தேற்றமும், 1982இல் அலன் ஆஸ்பே குழுவினர் செய்த சோதனையும், 2022ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ஆய்வுகளும் நம் அன்றாடப் பொருள்நோக்கை உண்மையாகவே அசைத்திருக்கின்றன. பொருளின் பண்புகள் அளப்பதற்கு முன்பே முடிவாகியிருக்கின்றன என்பதையும், தொலைவிலுள்ளது உடனுக்குடன் பாதிக்காது என்பதையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ள முடியாது. ஆனால் இங்கே அளத்தல் என்பது கருவியோடு பொருள் உறவாடுவது. உணர்வுள்ள ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று எந்தச் சோதனையும் கோரவில்லை. கோலாரில் எவரும் அருகில் இல்லாத நள்ளிரவிலும் கருவிகள் தடங்களைப் பதிந்தன. அளத்தலின் போது என்ன நேர்கிறது என்ற புதிர் இன்னும் அவிழவில்லை. அவிழாத புதிரைச் சித் என்ற தத்துவத்தால் நிரப்புவது அவசரம்.

அப்படியானால் நம் நூல்களுக்கு இந்த விசாரணையில் இடமே இல்லையா? உண்டு, வாதமாகப் படித்தால் உண்டு. பரமாணுவை மறுக்கும்போது சங்கரர் கேட்கும் கேள்வி கூர்மையானது. பகுதிகளற்ற இரண்டு பொருள்கள் எப்படிச் சேரும்? ஒரு பக்கத்தால் சேர்ந்தால் அவற்றுக்குப் பக்கங்கள் உண்டு, ஆகவே பகுதிகள் உண்டு. முழுதும் சேர்ந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும், பருமன் கூடாது. இந்த இடர்ப்பாடு பழங்காலத்தோடு முடியவில்லை. எலக்ட்ரானைப் பரப்பற்ற புள்ளியாகக் கொண்டபோது அதன் சொந்த மின்புலத்தின் ஆற்றல் முடிவிலியானது. 1940களில் டொமொனாகா, ஷ்விங்கர், ஃபைன்மேன் ஆகியோர் அந்த முடிவிலியைக் கட்டுக்குள் கொண்டுவரப் பெரும்பாடு பட்டார்கள். இன்றைய இயற்பியல், துகள் என்பது சிறு உருண்டையன்று, எங்கும் பரந்த புலத்தின் கிளர்ச்சி என்கிறது. இரண்டு துகள்கள் ‘தொட’ வேண்டிய தேவையே அங்கு எழுவதில்லை. சங்கரர் புலக்கோட்பாட்டை முன்னறிந்தார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய கேள்வி தன் சொந்தத் தருக்கத்தால் நிற்கிறது, சோதனை முடிவு எதையும் அது துணைக்கு அழைக்கவில்லை, ஆகவே எந்த முடிவாலும் அது விழாது. முன்னறிவிப்பாகப் படிப்பவர் விடை வந்த பிறகே நூலைத் திறக்கிறார். வாதமாகப் படிப்பவர் விடை வருமுன்னரே நூலோடு சண்டையிடலாம், உடன்படலாம், திருத்தலாம். நம் முன்னோர் அப்படித்தான் படித்தார்கள். நீலகேசி ஆசீவகரோடு வாதிட்ட வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

ஸ்ரீகண்டன் 1975 முதல் 1987 வரை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். பின்னர் இதே பெங்களூரில் தேசிய உயராய்வு நிறுவனத்தில் இருந்தபடி, 2019இல் மறையும் வரை, உணர்வின் இயல்பையும் அறிவியலின் தத்துவ அடிப்படையையும் பற்றிச் சிந்தித்தும் எழுதியும் வந்தார். சுரங்கத்தில் துகளைத் தேடியவர் முதுமையில் அந்தக் கேள்விகளுக்கு வந்து சேர்ந்தது எனக்கு இயல்பாகவே தோன்றுகிறது; அளக்கக் கற்றவருக்கே அளவுக்கு எட்டாதது எது என்ற கேள்வி முழு எடையோடு எழும்.

ஜப்பானில் சூப்பர் கமியோகாண்டேயைவிடப் பன்மடங்கு பெரிய ஹைப்பர் கமியோகாண்டே கட்டப்பட்டு வருகிறது. புரோட்டானின் ஆயுளைத் தேடுவது அதன் பணிகளில் ஒன்று. ஒருநாள் அங்கே சிதைவு உறுதியாகலாம். அப்போதும் வைசேடிகர் தோற்றுவிட மாட்டார். புரோட்டான் குவார்க்குகளால் ஆனது, பகுதிகள் உடையது, ஆகவே அதை நான் பரமாணு என்று ஒருபோதும் சொல்லவில்லை என்பார். அந்த மறுமொழி தருக்கப்படி சரியானது. குவார்க்கும் அழிந்தே புரோட்டான் சிதைகிறது என்று ஒருங்கிணைப்புக் கோட்பாடு சொல்வதை அவரிடம் எடுத்துச் சொன்னால், அதற்கு அவர் என்ன சொல்வார் என்பதுதான் அடுத்து நாம் எழுத வேண்டிய வாதம்.