கூரை யார் பொறுப்பு?

பினாங்கிலே 1816-ஆம் ஆண்டு ஹட்சிங்ஸ் பாதிரியார் நிறுவிய இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பொன்றும் தொடங்கிற்று. மலாயாத் தமிழ்க் கல்வியின் தோற்றுவாய் அதுவே என்பர். பின்னர்த் தோட்டங்களில், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருப்பின் துரைமார் பள்ளி வைத்தல் வேண்டுமென 1923-ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் விதித்தது. கொட்டகையும் லயத்து அறையுமே பல இடங்களிற் பள்ளியாயின.

1957-இல் நாடு விடுதலையுற்றபின் ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் ஏற்றது. ஆயினும், தனியார் நிலத்தில் நின்ற பள்ளிகள் பகுதி உதவி பெறுவன எனப் பிரிக்கப்பட்டன. அவற்றின் கூரையும் சுவரும் பெரும்பாலும் பெற்றோர் தலைமேலும் வாரியத்தார் தலைமேலும் விழுந்தன. 2009 முதல் பினாங்கு மாநில அரசு தமிழ்ப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்கத் தொடங்கியது. இதனை நன்றியுடன் ஏற்கின்றோம்.

ஆனால், நிலப்பத்திரம் எவர் பெயரில் இருப்பினும், அங்கமரும் பிள்ளை இந்நாட்டுப் பிள்ளையன்றோ? வரி வாங்குகையில் நம்மை முழுக் குடிகளாகக் கொள்ளும் அரசாங்கம், ஓடு மாற்றுகையில் மட்டும் பாதியாகக் கொள்ளுதல் முறையோ? நன்கொடையாக அன்று, உரிமையாகவே கேட்போம்.